பலெர்மோவின் முதுகு

ஜெனனி தன் பாஸ்போட்டைத் திருப்பித் தரும்படி கேட்டது 1996 ஒக்டோபர் 26ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, லிபெர்த்தா வீதிக்குப் பக்கத்துத் தெருவிலுள்ள ஐந்து மாடி வீடொன்றின் முன்கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி. மணிச்சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த வாசல்காவலாளிக்கு ஒரு பின்னலும், நீலச் சட்டையின் முதுகும், பின்னால் நீட்டி மணியை அழுத்திய ஒரு கையும்தான் தெரிந்தன. மூன்றாம் மாடிச் சினியோராவிடம் போய்ச் சொல்லுங்கள், என் பாஸ்போட்டை வாங்க வந்திருக்கிறேன் என்று, கொழும்பில் ஆறு மாதம் படித்த இத்தாலியனில், தெருவைப் பார்த்தபடியே சொன்னாள். அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று முந்திய நாள் ஒன்றுக்கு இரண்டு பேர் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். முதுகைக் காட்டி நின்றதற்குக் காரணம் வேறு. கதவைப் பார்த்தபடி வந்திருந்தால் வீடு திரும்பியிருக்கும். முன்கதவு இருக்கிற இடத்தில் குப்பைத் தொட்டிகளும் வேலைக்காரர் ஏறுகிற இரும்புப் படிக்கட்டும் வந்து நின்றிருக்கும்.

பலெர்மோவில் கட்டிடங்கள் தமிழருக்கு முன்பக்கத்தைக் காட்டுவதில்லை. 1984 மார்ச்சிலிருந்து இப்படித்தான். அந்த மாதம் பெனடிக்ற் என்ற மன்னார்க்காரர் றயிலால் வந்து இறங்கி, நிலையத்துக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபோது, நிலையம் தண்ணீர்க்குழாய்களும் கரி படிந்த சுவருமாக நின்றது. பிழையான வாசலால் வந்துவிட்டேன் என்று நினைத்து அவர் சுற்றி நடந்தார். அவர் நடந்த வேகத்துக்கே நிலையமும் சுற்றியது. நான்கு தரம் சுற்றிவிட்டு, முறையிட ஆள் இல்லாததால், பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். பிறகு அவருடைய மச்சான்மார் வந்தார்கள். தீவகத்துக் கத்தோலிக்கர் வந்தார்கள். வலிகாமத்துச் சைவக்காரர் வந்தார்கள். வந்தவர்களுக்கு முன்னரே இருந்தவர்கள் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள், குளிருக்கு எந்தக் கடையில் காலுறை வாங்குவது என்று சொல்வதுபோல. கட்டிடங்கள் சத்தமின்றித் திரும்பின. உள்ளே இருந்த சிசிலியருக்குத் தட்டிலே சூப் ஒரு பக்கமாகச் சரிவது தெரியும், தொங்குவிளக்கு கொஞ்சம் ஆடும், சுவர்ப்பூச்சு உதிரும். வீட்டு வேலைக்காரருக்கு விடுமுறையான வியாழன் பின்னேரமும் ஞாயிறும் பூச்சு அதிகம் உதிர்வதை நகரசபைப் பொறியியலாளர் ஒருவர் கணக்கிட்டு, நிலத்துக்கு அடியில் மூடப்பட்ட இரண்டு பழைய ஆறுகளே காரணம் என்று அறுபது பக்கத்தில் அறிக்கை எழுதினார். அறிக்கையின்படி பழைய மாளிகைகளுக்குப் பச்சை வலை கட்டினார்கள். வலையும் சேர்ந்து திரும்பியது.

தமிழர் இதற்கு ஏற்றபடி வாழப் பழகினார்கள். பல்லரோச் சந்தை அவர்களுக்குப் பிடித்துப்போனது, ஏனெனில் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. ஞாயிறு விடிய, சைவக்காரரும் வேதக்காரரும் ஒன்றாகப் பெல்லெக்ரீனோ மலையில் செருப்பில்லாமல் ஏறிச் சாந்த றொசாலியாவைக் கும்பிட்டார்கள். சைவக்காரர் ஏன் இந்தப் புனிதையிடம் போகிறார்கள் என்று வெளியூர்ப் பாதிரிமார் அதிசயப்பட்டதுண்டு. காரணம் எளிது. அந்தக் கோயில் ஒரு குகை. குகைக்குப் பின்பக்கம் கிடையாது. அது மலைக்குள் போய் முடிகிறது. நகரத்தில் அவர்களை நேருக்கு நேர் பார்த்த ஒரே வாசல் அதுதான். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக் கட்டிடங்கள் அரைவாசி திரும்பி நிற்கும். அவர்களுக்குப் பக்கச்சுவர்கள் எல்லாம் மனப்பாடம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வேலைக்குச் சேருகிற அன்று பின்னேரம் பாஸ்போட்டை வீட்டு எசமானியான சினியோராவின் கையில் கொடுப்பார்கள். சட்டம் ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை. சினியோராமாரில் பாதிப் பேர் கேட்டதுகூட இல்லை. பல்லரோவில் எட்டுப் பேர் படுக்கிற அறையில் எதை எங்கே வைப்பது? சினியோராவின் மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சி பத்திரம். ஊரில் தாலிக்கொடியைப் பெரிய வீட்டில் கொடுத்து வைப்பதுபோலக் கொடுத்தார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில்லை என்பதும் அதே நாளில் சொல்லப்படும். 1991இல் சறோஜா என்ற பெண் ஒருமுறை கேட்டாள். என்னில் நம்பிக்கையில்லையா என்று அவளுடைய சினியோரா அழத் தொடங்கி, இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தாள். சறோஜாவே பக்கத்தில் இருந்து கோழிச்சாறு காய்ச்சிப் பருக்கி, மூன்றாம் நாள், வாங்கிய பாஸ்போட்டைத் தன் கையால் திரும்பவும் லாச்சியில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எவரும் கேட்கவில்லை.

ஜெனனிக்கு அப்போது இருபத்தாறு வயது. சுன்னாகத்தில் சைக்கிள் திருத்துகிற ஒருவரின் இளைய மகள், அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள், பௌதிகவியல் பட்டதாரி. படித்த பெண் பணிவாகக் கதைக்க வேண்டும் என்று சொன்ன ஒரு விரிவுரையாளரிடம், பணிவு எந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று கேட்டவள். கொழும்பில் மீன் ஏற்றுமதி செய்கிற கம்பனியொன்றில் குளிர் அறைகளுக்குப் பொறுப்பாக இருந்தாள். அந்த அறைகளின் வெப்பமானிகளைச் செய்கிற பட்டறை பலெர்மோவின் பிரான்காச்சோவில் இருந்ததால், பத்து நாள் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். பத்து நாளும் பட்டறை, பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. பிரான்காச்சோவின் அடுக்குமாடிகள் நான்கு பக்கமும் ஒரே மாதிரிக் கட்டப்பட்டவை. அவை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே அவள் எதையும் கவனிக்கவில்லை.

பயிற்சி வியாழக்கிழமை முடிந்தது. விமானம் ஞாயிறு மதியம். இடையில் கிடைத்த நாட்களை அவள் ஒரு வருடத்துக்கு முன்பே மனதில் பிரித்து வைத்திருந்தாள், ஏனெனில் அந்த நகரம் அவளுக்கு எழுத்தெழுத்தாகத் தெரியும். அவளுடைய அக்கா துசானி 1988இலிருந்து பலெர்மோவில் இருக்கிறாள். மாதம் ஒரு கடிதம் வரும். பேராலயத்தின் மூன்று வளைவு முகப்பு, அதன் தூணில் செதுக்கிய எழுத்துகள், நான்கு மூலையிலும் நான்கு மாளிகைகள் உள்வளைந்து நிற்கிற சந்தி, இருபத்திரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற பெரிய நாடக அரங்கின் படிகளில் பெண்களைச் சுமந்து நிற்கிற இரண்டு வெண்கலச் சிங்கங்கள் என்று அக்கா எழுதுவாள். ஷெல்லடிக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் இருந்த நாட்களில் அம்மா அந்தக் கடிதங்களைக் கைவிளக்கில் வாசிக்கச் சொல்வாள். ஜெனனி வாசித்தாள். பட்டப்படிப்புக்கு வேண்டிய சூத்திரங்களுக்கு முன்னரே பலெர்மோவின் முகப்புகள் அவளுக்குப் பாடமாகிவிட்டன.

வியாழன் பின்னேரம் அக்கா அவளைத் தான் வேலைசெய்கிற சினியோராவின் வீட்டுக்கு இரும்புப் படிக்கட்டால் கூட்டிப்போனாள். சினியோரா அவளுடைய கன்னத்தை இரண்டு பக்கமும் முத்தமிட்டு, பாதாம் பிஸ்கற் கொடுத்தாள். அக்கா அவளுடைய தோள்பையைத் திறந்து பாஸ்போட்டை எடுத்துச் சினியோராவிடம் நீட்டினாள்.

"பல்லரோவிலை பைக்குள்ளை கை விடுவாங்கள், ஜெனா. இஞ்சை கிடந்தால் பத்திரம்."

ஜெனனி மறுக்கவில்லை. எட்டு வருடத்துக்குப் பிறகு கண்ட அக்காவோடு முதல் மணித்தியாலத்திலேயே சண்டை பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவளுடைய வாழ்க்கையில் அவள் வாயை மூடிக்கொண்ட மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

அன்றிரவு அவள் பல்லரோவில் அக்காவின் அறையில் தங்கினாள். அக்கா சினியோரா வீட்டில் குசினிக்குப் பின்னாலுள்ள சிறு அறையில் படுக்கிறவள். பல்லரோ அறை விடுமுறை நாளுக்கு மட்டும். அதை அவளோடு பங்கிட்டவர்களில் ஒருத்தி யோசப்பின், நானாட்டான் பெண், பின்னேரங்களில் அலுவலகங்கள் துடைக்கிறவள், வாய் ஓயாதவள். வெள்ளி காலை யோசப்பின்தான் ஊர் காட்டப் புறப்பட்டாள். பேராலயச் சதுக்கத்துக்குப் போனபோது, ஜெனனி கண்டது ஒரு குருட்டுச் சுவரையும், அதில் சாய்த்து வைத்த ஏணியையும், கூட்டுகிற தும்புக்கட்டை ஒன்றையும்தான்.

"முகப்பு எந்தப் பக்கம், யோசப்பின் அக்கா?"

"அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் போனார்கள். அதே ஏணி, அதே தும்புக்கட்டை.

"உது திரும்பும் பிள்ளை," என்றாள் யோசப்பின். "உமக்கு துசானி சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. யோசப்பின் பெனடிக்றிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள், நடுவில் ஒரு இடத்தில் நின்று தோடம்பழம் வாங்கினாள். ஜெனனி நம்பவில்லை. பௌதிகம் படித்தவள் என்றபடியால் சோதித்தாள். ஓடிப் பார்த்தாள், ஆலயமும் ஓடியது. ஜெர்மன் உல்லாசப் பயணிகள் கூட்டமொன்றின் நடுவில் ஒளிந்து போனாள். கூட்டம் வாசலுக்குள் நுழைய, அவள் சுவரில் போய் இடித்தாள். நான்கு மாளிகைச் சந்திக்குப் போனாள். அங்கே நான்கு மூலையிலும் நான்கு பின்சுவர்கள் தண்ணீர்க்குழாய்களோடு நின்றன. நீரூற்றுச் சதுக்கத்தில் நிர்வாணச் சிலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் புட்டத்தைக் காட்டின. நாடக அரங்கில் இரண்டு சிங்கங்களின் வால்கள் மட்டும் தெரிந்தன. அந்த அரங்குக்குள் உள்ளூர்க்காரரே இருபத்திரண்டு வருடமாகப் போகவில்லை என்பதால், அதில் மட்டும் அவளுக்குக் கோபம் கொஞ்சம் குறைவு. மதியம் ஆகும்போது அவளுடைய இரண்டு குதிகாலும் தோலுரிந்திருந்தன. ஒரு நகரத்தின் எல்லாக் குப்பைத் தொட்டிகளையும் அவள் பார்த்து முடித்திருந்தாள்.

"எட்டு வருசமா அவ எழுதினது?" என்று கேட்டாள்.

"தபால் அட்டை வாங்கிப் பாத்துத்தான் எழுதுறவ. தபால் அட்டை திரும்பாதெல்லோ." யோசப்பின் தோடம்பழத்தை உரித்துப் பாதியை நீட்டினாள். "நானும் அப்பிடித்தான் எழுதுறனான். எல்லாரும்தான். ஒரே அட்டை பத்துப் பேருக்கு ஓடும்."

ஜெனனி பழத்தை வாங்கவில்லை. பேராலயத்துக்கு மறுபடி போய், உன் முகத்தை நீயே வைத்துக்கொள் என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டு, முதுகைத் திருப்பினாள். திரும்பிய வேகத்தில் தடுமாறிப் பின்னால் நாலைந்து அடி போனாள். குதிகால் ஒரு படியில் தட்டியது. ஒரு நிமிடத்துக்கு முன் அங்கே படி இருக்கவில்லை. தலையைத் திருப்பாமல் கையைப் பின்னால் விட்டுத் துழாவினாள். தூண் ஒன்று, குளிர்ந்த கல், அதில் செதுக்கிய எழுத்துகள் விரல்களில் ஓடின. அக்காவின் கடிதத்திலிருந்த அதே தூண். நகரம் தமிழரை முகத்தால்தான் அடையாளம் பிடிக்கிறது என்பதை அவள் அப்படிக் கண்டுபிடித்தாள். முதுகைக் காட்டி வந்தால் முன்பக்கத்தைத் தொடலாம், பார்க்க மட்டும் முடியாது. பன்னிரண்டு வருடத்தில் இதை எவரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம், அங்கிருந்த தமிழர் எவரும் எதற்கும் முதுகைக் காட்டத் துணியாததுதான்.

யோசப்பின் பெரிதாக வியக்கவில்லை. "சரி, தொட்டாச்சே. வாரும், சாப்பிடுவம். திங்கள் தொடக்கம் உமக்கு இதுக்கெல்லாம் நேரம் வராது."

"திங்களோ? நான் ஞாயிற்றுக்கிழமை போறன்."

யோசப்பின் வாயை மூடிக்கொண்டாள். அது வழக்கமில்லாத காரியம் என்பதால் ஜெனனி விடவில்லை. பஸ் தரிப்புக்குப் போவதற்குள் எல்லாம் வெளியே வந்தது. மொண்டெல்லோவில் இருக்கிற சினியோராவின் மச்சாளுக்கு இங்கிலிஷ் தெரிந்த பிள்ளையொன்று வேண்டும், இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்க்க. அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். பாஸ்போட் லாச்சியில் இருக்கிறது. விமானம் போகும், ஜெனனி இருப்பாள்.

"போய்க் கேட்டு வாங்கிறன்," என்றாள் ஜெனனி.

"ஐயோ, அதைமட்டும் கேட்டுப்போடாதையும் பிள்ளை. சறோஜாவின்ரை கதை தெரியுமே?"

அதையும் கேட்டுவிட்டு, ஜெனனி வெள்ளி பின்னேரம் இரும்புப் படிக்கட்டால் ஏறிக் குசினிக்குப் போனாள். அக்கா கூனைப்பூக்களின் முள் இதழ்களை வெட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் கறுத்திருந்தன. அவளுக்கு முப்பத்துநான்கு வயது. குசினி வெளிச்சத்தில் ஐம்பது என்று சொல்லலாம்.

"அங்கை போய் என்ன செய்யப்போறாய்?" என்றாள் அக்கா, வெட்டுவதை நிறுத்தாமல். "ஒவ்வொரு சந்தியிலையும் ஐடென்ரிக் காட்டை நீட்டிக்கொண்டு நிக்கப்போறியோ? பொலிஸ் வந்து நடுச்சாமத்திலை கதவைத் தட்டினால் ஆர் வாறது உனக்கு? கம்பனியோ?"

"அங்கை ஆமிக்காரன் என்ரை முகத்தைப் பாத்துத்தான் கேள்வி கேக்கிறான். நானும் அவன்ரை முகத்தைப் பாத்து மறுமொழி சொல்லுறன். இஞ்சை கோயிலே குண்டியைக் காட்டுது."

"மெல்லக் கதை. சினியோரா படுத்திருக்கிறா."

"அவவுக்குத் தமிழ் தெரியாது. ஏன் பொய் எழுதினனி?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "அம்மா குழிக்குள்ளை இருக்கேக்கை என்னத்தை எழுதச் சொல்லுறாய்? குப்பைத் தொட்டியை எழுதவோ? தண்ணிக் குழாயை எழுதவோ?"

"ஓம்."

"நீ படிச்சனி, கதைப்பாய். உன்னைப் படிப்பிச்ச காசு தண்ணிக் குழாய்ப் பக்கத்தாலைதான் வந்தது."

 ஜெனனிக்குக் கோபம் கூடியது. பாஸ்போட்டைச் சினியோராவிடம் நாளைக்குக் கேட்கப்போகிறேன் என்று சொன்னாள். கேட்கக் கூடாது என்றாள் அக்கா. அவ மனம் நொந்துபோவா, நான் எட்டு வருசம் இந்த வீட்டிலை எடுத்த பேர் போகும், கேக்கப்படாது, கேக்கவே படாது. கேட்டால் இந்தப் படிக்கட்டால் உன்னை ஏற விடமாட்டேன், உள்ளே தாழ்ப்பாள் போடுவேன் என்றும் சொன்னாள். சொன்னபடியே சனி காலை போட்டும்விட்டாள். ஆகவேதான் ஜெனனி தெருவைச் சுற்றி வந்து, முதுகைக் காட்டி, குதிகாலால் படி தேடி, முன்கதவு மணியை அழுத்த வேண்டியதாயிற்று.

வாசல்காவலாளி முப்பது வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவர். பின்னாலிருந்து பார்த்த ஒரு பெண்ணைத் தடுக்க அவருக்கு ஒரு விதியும் ஞாபகம் வரவில்லை. அவள் பின்னால் நடந்தே வாசலைத் தாண்டினாள். உள்ளே வந்ததும் திரும்பினாள். உள்ளே வந்துவிட்ட ஆளுக்காக ஒரு வீடு திரும்ப முடியாது. சலவைக்கல் தரை, ஆளுயரக் கண்ணாடி, இரண்டு பேர் கைவீசி ஏறக்கூடிய அகலமான படி. அவள் ஏற ஏற வீடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் தவித்தது. ஒவ்வொரு தளத்திலும் விளக்குகள் ஆடின. இரண்டாம் மாடியில் யாரோ கோப்பையைப் போட்டுடைத்தார்கள். அந்த இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படிக்கட்டு வளைகிற இடத்தில், குதிகால் எரிச்சலுக்காக ஒரு கணம் நின்றபோது, அவள் தீர்மானித்துவிட்டாள். போவது மட்டுமல்ல. பாஸ்போட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் படியால்தான் இறங்கிப் போவது. இரும்புப் படிக்கட்டில் இனிக் கால் வைப்பதில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு அவசரம் இருக்கவில்லை.

மணி அடித்தால் கதவைத் திறப்பது வேலைக்காரியின் வேலை. அக்கா திறந்தாள். பார்த்தபடி கதவிலேயே நின்றாள்.

"நீ எப்பிடி உதாலை வந்தனி?"

"முதுகைக் காட்டிக்கொண்டு."

சினியோரா தெருப்பக்க அறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். வீடு ஆடியதில் கோப்பி பாதி தட்டில் கிடந்தது. ஜெனனி கேட்டாள். சுற்றி வளைக்காமல், தயவுசெய்து என்ற சொல்லை ஒருதரம் மட்டும் வைத்துக் கேட்டாள். எதிர்பார்த்தபடி சினியோரா கைக்குட்டையை எடுத்தாள். நான் உங்களுக்கெல்லாம் தாய் மாதிரி இல்லையா என்று கேட்டாள். எனக்கு ஒரு தாய் இருக்கிறாள் என்று ஜெனனி சொன்னாள். சினியோராவின் அழுகை பெலத்தது. அது நடிப்பில்லை, அவள் உண்மையாகவே அந்தப் பிள்ளைகளில் அன்பு வைத்திருந்தாள், அந்த அன்பை அந்த லாச்சியில்தான் வைத்திருந்தாள். அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, முழங்காலில் இருந்து அவளுடைய கையைத் தடவினாள்.

"உனக்கு இரக்கம் எண்டு ஒண்டு இல்லையோ?"

"இருக்கு. பாஸ்போட் வந்தாப் பிறகு வரும்."

அழுகைக்கு நடுவில் சினியோரா சொன்னாள், லாச்சி பூட்டியிருக்கிறது, சாவி கணவரிடம், கணவர் கத்தானியாவில், திங்கள்தான் வருவார் என்று. திங்கள் என்ற சொல்லை ஜெனனி முந்திய நாளும் கேட்டிருந்தாள். ஜெனனி இருக்கச் சொல்லப்படாத கதிரையொன்றில் இருந்தாள். அந்த அறைக் கதிரையில் ஒரு தமிழ் ஆள் இருந்தது அதுவே முதல் தடவை. எதிரே சுவரோரம், வளைந்த கால்களில், பித்தளைக் கைப்பிடியோடு அந்த லாச்சி மேசை நின்றது. கைப்பிடி மின்னியது.

"அக்கா," என்றாள், இந்தமுறை சத்தமில்லாமல். "நீ எழுதின தொண்ணூறு காயிதத்திலையும் கோயில் இருந்தது, சிங்கம் இருந்தது. நீ ஒண்டிலையும் இருக்கேல்லை. நீ உயிரோடை இருக்கிறியோ எண்டு அம்மா எங்களுக்குத் தெரியாமல் சாத்திரம் கேக்கப் போறவ."

அக்கா சினியோராவின் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தடவுவதை நிறுத்தினாள். எழும்பி, மேலங்கியில் கையைத் துடைத்து, மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதுக்குப் பூட்டில்லை," என்றாள் தமிழில். "நான்தானே ஒவ்வொரு நாளும் துடைக்கிறன்."

கைப்பிடியை இழுத்தாள். லாச்சி சுலபமாக வந்தது. உள்ளே லேஸ் துணியில் சுற்றி, நப்தலின் உருண்டைகளோடு, ஏழு பாஸ்போட்டுகள் இருந்தன. முன்பு அங்கே வேலைசெய்து இப்போது கனடாவில் இருக்கிறவளுடையது ஒன்று. செத்துப்போன செல்வராசாவின் மனைவியுடையது ஒன்று. மேலே இருந்தது ஜெனனியுடையது. சினியோரா அழுகையை விட்டுவிட்டு அதிசயத்தோடு பார்த்தாள், அந்த லாச்சிக்குப் பூட்டில்லை என்பது அவளுக்கும் அன்றுதான் தெரிந்ததுபோல. அக்கா தங்கச்சியின் பாஸ்போட்டை எடுத்து மேலங்கியில் ஒருதரம் துடைத்துக் கொடுத்தாள். தன்னுடையதையும் எடுத்தாள். திறந்து, இருபத்தாறு வயதுப் படத்தைப் பார்த்தாள். அது நேராக அவளையே பார்த்தது. பிறகு மற்றவற்றோடு ஓரம் பொருந்த அடுக்கி, லேஸால் மூடி, லாச்சியைத் தள்ளினாள்.

"உன்ரையை எடன், அக்கா."

"என்ரை கிடக்கட்டும்."

"ஏன்?"

"எங்கை கொண்டுபோய் வைக்கிறது? விடு." கைப்பிடியில் பட்ட தன் விரல் அடையாளத்தை அக்கா துணியால் துடைத்தாள். "அம்மாட்டைப் போய் என்ன சொல்லப்போறாய்?"

"நீ சொல்லு. இனி எழுதேக்கை குப்பைத் தொட்டியை எழுது. அவ வாசிப்பா."

அக்கா குசினிக்குப் போய், பாணுக்குள் மீன்பொரியல் வைத்துத் தாளில் சுற்றியதைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளி இரவே செய்து வைத்தது அது. தாழ்ப்பாள் போடுவதற்கு முன்னரே சுற்றி வைத்திருந்தாள் போல. ஜெனனி அதைத் தோள்பையில் வைத்தாள், பாஸ்போட்டைச் சட்டைக்குள் வைத்தாள். சினியோராவுக்குப் போய்வருகிறேன் என்று சொன்னாள். கதவு வரை வந்த அக்கா, நிலையில் கால் வைக்காமல், துடைக்கிற துணியைக் கையில் சுருட்டியபடி நின்றாள்.

"மெல்லப் பாத்து இறங்கு. கல்லு வழுக்கும்."

"ஓம்."

அகலமான படியால் அவள் நடுவாக இறங்கினாள். விளக்குகள் ஆடவில்லை. வாசல்காவலாளி கதவை விரியத் திறந்து பிடித்தார். இந்தமுறை அவளுடைய முகத்தைப் பார்த்தார், மணி அடித்த பெண் இவள்தானா என்று அவருக்கு நிச்சயமில்லை. அவள் வெளியே இறங்கினாள். முன்கதவும், அதன் மேலிருக்கிற கல் முகங்களும், மூன்றாம் மாடியின் தெருப்பக்கப் பலகணியும் இப்போது அவளுக்குப் பின்னால் இருந்தன. பலகணிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தலையைத் திருப்பினால் வீடு திரும்பிவிடும், பலகணியில் நிற்கிறவளும் அதோடு சுற்றிப்போவாள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே கையை மட்டும் தலைக்கு மேலே உயர்த்தி ஒருதரம் அசைத்தாள். எதிர்வரிசை வீடுகள் வழக்கம்போல ஒவ்வொன்றாகத் திரும்பின. காயப்போட்ட துணிகளும் தண்ணீர்க்குழாய்களும் குப்பைத் தொட்டிகளும் வரிசையாக வந்து நின்றன. அவள் அவற்றுக்கு நடுவே, பஸ் தரிப்பை நோக்கி, வேகமாக நடந்தாள்.